ஆறாம் தட்டின் கடைசி நான்கு நிமிடங்கள்

பெட்டியை மேஜையின் நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்பதிலேயே இருதயநாதனுக்குப் பத்து நிமிடம் போய்விட்டது. நடுவில் வைத்தால், உள்ளே நுழைந்ததுமே தணிகாசலம், என்னடா, நற்கருணைப் பேழையா, மண்டி போடணுமா என்று கேட்பான். ஓரத்தில் வைத்தால் அலட்சியமாக இருப்பதுபோல் நடிப்பதாகத் தெரியும், அதையும் அவன் கண்டுபிடிப்பான். கேட்பான், கண்டுபிடிப்பான் என்று அவனைப் பற்றி வரப்போகிற காலத்தில் வைத்து நினைத்தே பத்தொன்பது வருடம் ஆகிறது என்பது திடீரென்று உறைத்தது. கடைசியில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில், எந்தக் கருத்தையும் தெரிவிக்காத ஓர் இடத்தில் பெட்டியை வைத்தார். சாம்பல் நிறக் கெட்டி அட்டை, செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. காலையில் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் பிலோமினா அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து, ஒரு கிலோ நூற்றெண்பது கிராம் என்று அறிவித்தாள். "ஏழு சிடின்னு சொல்றீங்க. மீதி ஒரு கிலோ என்னங்க?" "புத்தகம்." "பாட்டுக்கு எதுக்குப் புத்தகம்?" "இது பாட்டு இல்ல, பிலோ." "அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்." மூடியின் குறுக்கே ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது, அதில் சிவப்பு மையில் 143, ஒரு சாய்கோடு, 200. உலகத்தில் இருநூறு பெட்டிகள். அவற்றில் இது நூற்று நாற்பத்து மூன்றாவது. பட்டை கிழியாமல் மூடி திறக்காது, கிழிந்த பட்டை மறுபடி ஒட்டாது. இந்த மாதிரிப் பெட்டிகளைச் சேர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் அவரும் ஓர் அங்கத்தினர். அதில் பாதிப் பேர் பட்டையைக் கிழிப்பதே இல்லை. கேட்பதற்கு ஒன்று, கேட்காமல் இருப்பதற்கு ஒன்று என்று இரண்டிரண்டு வாங்குகிறவர்களும் உண்டு. கேட்காமல் இருக்கும் இசை ஒருபோதும் ஏமாற்றாது என்று போர்ச்சுகல் நாட்டுப் பல்மருத்துவர் ஒருவர் அதில் எழுதியிருந்தார். இருதயநாதன் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார். இப்போது மணி மூன்று. தணிகாசலம் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான், அவரிடம் அல்ல, பிலோமினாவிடம்.

வரச் சொன்னதும் அவள்தான். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் போட்டு, "தணிகா அண்ணே, அந்தக் கச்சேரி பெட்டியில வந்திருக்குண்ணே, சாயந்தரம் வந்து ரெண்டு பேரும் ஒரேயடியா கேட்டு முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டாள். தலை துவட்டிக்கொண்டே வந்தவரிடம் சாதாரணமாகத் தெரிவித்தாள், பால் தீர்ந்துவிட்டது என்பதைப்போல. அவர் கத்தவில்லை, அதிலேயே அவருக்கு ஆச்சரியம். பெட்டிக்காக ஏழு வாரம் காத்திருந்தவர், வந்த பெட்டியைக் கண்டு பயந்துகொண்டிருந்தார், அந்தப் பயத்துக்குத் துணையாக எதிராளியே வந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. அட்டையின் பின்பக்கம் ஏழு ஊர்கள் வரிசையாக இருந்தன. மார்ட்டா, ப்ருனோ என்று இரண்டு பேர் 2003 குளிர்காலத்தில் கிளம்பி ஊர் ஊராகப் போய், ஒத்திகை இல்லாமல், எழுதிவைத்த ஒரு ஸ்வரம்கூட இல்லாமல் வாசித்த ஏழு மாலைகள். ஒவ்வொரு சிடித் தட்டிலும் ஒரே ஒரு துண்டு, அதற்குப் பெயர்கூட இல்லை, ஊரும் தேதியும் நீளமும்தான். ஆறாவது: பாண்டிச்சேரி, 14 பிப்ரவரி 2004, 47 நிமிடம் 12 வினாடி. அந்தப் பன்னிரண்டு வினாடியைக் காலையிலிருந்து எத்தனை முறை படித்திருப்பார். அன்றைய நோட்டுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது. ஆறு நாற்பத்தொன்றுக்குத் தொடங்கியது, ஏழு இருபத்தெட்டுக்குக் கைதட்டல் என்று பென்சிலில் குறித்திருக்கிறார். நாற்பத்தேழு நிமிடம். ஆக, கடைசி நான்கு நிமிடங்களை அவர்கள் வெட்டவில்லை. அது மோட்டார் சத்தமாக இருந்தால் வெட்டியிருப்பார்களே! இந்த வாதத்தை அவர் சவரம் செய்தபோது இரண்டு முறை கண்ணாடிக்குச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்தவர் தணிகாசலத்தின் குரலில், மோட்டார்னு தெரியாததாலதான் வெட்டல, அவங்களும் உன்ன மாதிரிதானே, என்றார்.

என்ன இசை அது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் அவரால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாது. கல்லூரி நூலகத்தில் வருடக்கணக்காக எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்குப் போகும் என்று தீர்மானித்த மனிதர், அன்றைக்கு முதல் தடவையாக அலமாரி இல்லாத ஒன்றைப் பார்த்தார். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய எண்ணெய் ஆலையின் கிடங்கு. அதை யாரோ வெள்ளையடித்து மண்டபம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, முப்பத்தொரு பேர். எண்ணினார், எண்ணாமல் அவரால் உட்கார முடியாது. மூன்றாவது வரிசையில் அவரும் தணிகாசலமும். தலைக்கு நேர் மேலே உத்தரத்திலிருந்து கறுப்பாக ஏதோ தொங்கியது. "வௌவால்டா," என்றான் தணிகாசலம், "மேல எதையாவது போட்டா நான் பொறுப்பில்ல." ப்ருனோ ஆளுயரப் பிடில் ஒன்றைத் தரையில் நோயாளி மாதிரி படுக்க வைத்து, ஈர ரப்பர் பந்தால் அதன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மார்ட்டா நீலச் சட்டை, வெட்டிய தலைமுடி, ஒரு பெட்டியில் பொத்தான்கள், பக்கத்தில் மடிக்கணினி. பெட்டியின் வாயையே அதன் காதில் செருகி, வெளியே வருகிற ஒலியை மறுபடி உள்ளேயே விட்டு, அது தனக்குத்தானே பேசிக்கொள்வதைத் திருப்பித் திருப்பி வளைத்துக்கொண்டிருந்தார். பேனா விழுந்த சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே சத்தம் மலை உச்சியிலிருந்து விழுவதுபோல வந்தது. யாரோ இருமினார்கள், கதவு கிறீச்சிட்டது, எது வாசிப்பது எது நடப்பது என்று பிரிக்க முடியவில்லை.  இருதயநாதனுக்கு நாற்பத்தெட்டு வயதில் புதிதாக ஒரு காது முளைத்ததுபோல இருந்தது. அப்புறம் நாற்பத்து மூன்றாவது நிமிடம் போல எல்லாம் அடங்கி, எங்கிருந்தோ ஒரு தாழ்ந்த ரீங்காரம் எழுந்தது. யாரும் அசையவில்லை. தணிகாசலம் அவர் காதுப் பக்கம் குனிந்து, "மோட்டார்டா" என்று கிசுகிசுத்தான். "ஷ்ஷ்" என்றார் இவர். அவ்வளவுதான், அடுத்த கணம் கடல் வந்தது. ரீங்காரத்துக்கு மேல் நுரையாக, அலையாக, போய்ப் போய்த் திரும்பி, கடைசியில் மண்டபம் முழுவதையும் நிரப்பிவிட்டு, "டுக்" என்று ஒரு சத்தத்தோடு எல்லாம் நின்றது. நீண்ட மௌனம். அப்புறம் முப்பது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தணிகாசலம் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

அவன் அப்போது பொதுப்பணித்துறையில் குடிநீர்ப் பிரிவு இன்ஜினீயர். ஊரில் ஓடுகிற மோட்டார்களில் பாதி அவனுக்குச் சத்தத்தை வைத்தே அடையாளம் தெரியும். வாசலில் ஸ்கூட்டரை உதைக்கும்போதே ஆரம்பித்தான். "ஒன்றரை எச்.பி. மோனோபிளாக். பேரிங் தேஞ்சிருக்கு. வாட்ச்மேன் போட்டு விட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கான், வந்து அணைச்சதும் நீங்க எல்லாரும் கைதட்டுறீங்க. அந்தாளு பயந்தே போயிருப்பான், பாவம்." "அப்ப அந்தக் கடல்?" "மேல்தொட்டியில தண்ணி விழுதுடா." ஒரு சிரிப்போடு விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் இருதயநாதன் எழுதினார். இருநூறு பேர் வாங்கி ஐம்பது பேர் படிக்கும் 'செவிப்பறை' என்ற சிற்றிதழில் ஆறு பக்கம். அந்த வகை இசைக்குத் தமிழில் பெயர் வைக்கவே மூன்று வாரம் மெனக்கெட்டு, 'மின்னொலி உடனடி இசை' என்று வைத்தார். (உடனடி இட்லி மாவு மாதிரி இருக்கே என்றாள் பிலோமினா.) கடைசிப் பத்தியில், "நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் கடல் மண்டபத்துக்குள் கால் வைத்தது; நாம் கேட்பதைத்தான் இசை கேட்டுக்கொண்டிருந்தது" என்று முடித்திருந்தார். வாழ்நாளில் தான் எழுதியவற்றில் நல்ல வாக்கியம் அது ஒன்றுதான் என்று அவருக்கு ரகசியமாக ஓர் எண்ணம். அடுத்த இதழில், வாசகர் கடிதம் பகுதியில், மூன்று வரி: "கட்டுரையாளர் குறிப்பிடும் ஒலி ஒன்றரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார். பேரிங் தேய்ந்தது. கடல் என்பது மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். கி. தணிகாசலம், முத்தியால்பேட்டை." அதைப் படித்து ஐம்பது பேர் சிரித்தார்கள். ஐம்பது பேர் சிரிப்பது ஐயாயிரம் பேர் சிரிப்பதைவிட மோசம், ஏனென்றால் ஐம்பது பேரையும் பெயர் சொல்லித் தெரியும்.

மண்டபத்துக்குப் போய் விசாரித்திருக்கலாம். நடந்து போனால் கால் மணி நேரம். மோட்டார் எங்கே இருக்கிறது, வாட்ச்மேன் அன்று எத்தனை மணிக்குப் போட்டார், இரண்டே கேள்வி. தகவல் சரிபார்ப்பதை மதமாகக் கொண்டிருந்தவர் ஒருநாள் கேட் வரைக்கும் போனார். உள்ளே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். இருதயநாதன் அவரிடம் மணி என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார் என்பது வீடு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மறு வருடமே மண்டபத்தை இடித்துவிட்டார்கள். பிறகு வருடங்கள் தாமாகவே போயின. மீன் மார்க்கெட்டில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் உடனே சங்கரா மீனின் செவுளைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். மனைவிமார் இருவரும் மட்டும் பேசிக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகைகள் அவர்கள் வழியாகப் போய் வந்தன. நாலு வருடத்துக்கு முன் தணிகாசலத்தின் மனைவி மங்களம் இறந்தபோது இவர் போனார். பந்தலில் கடைசி நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது எழுந்து போய் அவன் கையைப் பிடித்தார். அவன் கையைக் கொடுத்தான், விடவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று ஒரு கணம், அவமானகரமாக, இவர் எதிர்பார்த்தார். சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பார்.  அவன் இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறான், மத்தியானத்துக்கு மட்டும் மெஸ்ஸில் சாப்பாடு என்று பிலோமினா சொல்வாள், இவரைப் பார்த்துச் சொல்ல மாட்டாள், வெங்காயத்தைப் பார்த்துச் சொல்வாள்.

"குக்கரை அணைங்கன்னு சொன்னேன்ல!" என்று அவள் குரல் குளியலறையிலிருந்து வந்தது. "ரெண்டு விசில்தானே ஆச்சு," என்றார். "நாலு. கொண்டைக்கடலை கூழாப் போயிருக்கும். அண்ணனுக்குன்னு வச்சேன்." எழுந்து போய் அணைத்தார். இரண்டுதான், எண்ணினாரே. போன மாதம் காது டாக்டர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லி, கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தார். தாளின் இடது பக்கம் சமதரையாகப் போன கோடு, வலது பக்கம் மாடிப்படியில் உருண்ட மாதிரி இறங்கியிருந்தது. "கீழ் ஸ்தாயி நல்லா இருக்கு சார். மேல போகப் போகத்தான் குறையுது. வயசுக்கு இது சகஜம், மெஷின் வச்சா சரியாகும்." இருதயநாதன் அந்தத் தாளை மடித்து, வரைபடங்களின் எல்லைகள் பற்றித் தான் எப்போதும் கொண்டிருந்த சந்தேகத்தோடு சேர்த்து, மேஜை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். தனக்கு எல்லாம் கேட்கிறது. இந்தக் காலத்து ஆட்கள் வாயைத் திறந்து பேசுவதில்லை, அவ்வளவுதான். டாக்டரே முணுமுணுப்பான ஆள்.

மணி மூன்று இருபது. சாம்பல் பெட்டி, சிவப்பு எண். பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அதன் இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது, சிறு வயதில் மூடிய கிணற்றின் பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது வரும் அரிப்பு. திறப்பது என்றால் என்ன? பட்டை கிழிவதுதான் திறப்பது என்றால், அவன் வந்த பிறகு கிழித்தாலும் கிழிசல் கிழிசல்தான். முன்னாலேயே கேட்டுவிட்டால் குறைந்தபட்சம் முகத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். தோற்கிற முகத்தை யாரும் எதிர்பாராமல் பார்க்கக் கூடாது. ஜெயிக்கிற முகம் இன்னும் ஆபாசமானது. இல்லை, இது எல்லாமே சப்பைக்கட்டு, தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான், பத்தொன்பது வருடமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பழம் நறுக்கும் கத்தியை எடுத்தார். நீராவி காட்டினால் கடிதங்களைக் கிழிக்காமல் பிரிக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, தன்னைக் கண்டே வெட்கி, ஒரே இழுப்பில் கிழித்தார். நூற்று நாற்பத்து மூன்றில் நாற்பத்து மூன்று ஒரு பக்கம், நூறு மறு பக்கம். போர்ச்சுகல் பல்மருத்துவரின் முகம் தெரிந்தது. உள்ளே புதுக் காகித வாசனை. ஏழு தட்டுகளும் ஏழு உறைகளில். தடிப் புத்தகத்தில் ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரு வரைபடம், நாற்காலிகள் சிறு சிறு வட்டங்களாக, மைக்குகள் இருந்த இடத்தில் பெருக்கல் குறி. பாண்டிச்சேரிப் பக்கத்தைப் பிரித்தார். பிடில் பக்கத்தில் இரண்டு குறி. மூன்றாவது குறி மேடையிலேயே இல்லை, மூன்றாம் வரிசைக்கு நேர் மேலே இருந்தது. வௌவால்! அது மைக்! கேட்பவர்கள் தலைக்கு மேல் எதற்கு மைக் என்று கொஞ்சம் யோசித்தார். கைதட்டலைப் பதிவு செய்ய என்று முடிவு கட்டினார். எந்தக் கேள்விக்கும் உடனே ஒரு முடிவு கட்டிவிடுவது அவருடைய தொழில் வியாதி.

பிளேயரின் மூடி நிற்காது, மேலே கனமாக எதையாவது வைக்க வேண்டும். வழக்கம்போல அகராதியின் இரண்டாம் தொகுதியை வைத்தார். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர்களை நாற்பது வருடம் மனதுக்குள் இகழ்ந்தவர், பொத்தானை அழுத்தி அழுத்தி நாற்பத்திரண்டாவது நிமிடத்துக்குப் போனார். பிடிலின் வயிறு. ரப்பர் பந்து. ஆம், இதுதான், இந்த இடம்தான், நாற்காலியின் பிளாஸ்டிக் தொடையில் ஒட்டியது, வேர்வை, தணிகாசலத்தின் சட்டையில் அடித்த நீலக்கட்டிச் சோப்பு வாசனை. எல்லாம் அடங்கிற்று. ரீங்காரம் எழுந்தது. அவர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். அது உருண்டு உருண்டு வந்தது, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் லேசாக இடறியது. கொர்ர்... கொர்ர்... தேய்ந்த பேரிங். பொறியியல் தெரியாத தனக்கே தெரிந்தது. இப்போது கடல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. சத்தத்தைக் கூட்டினார், மோட்டார்தான் பெரிதாயிற்று. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. மோட்டார் ஓடியது, பிறகு, "டுக்". மௌனம். யாரோ துணி உதறுவதுபோல மங்கலாகக் கைதட்டல். இன்னொரு முறை வைத்துக் கேட்டார். மூன்றாம் முறை. கடலும் இல்லை, மேல்தொட்டித் தண்ணீரும் இல்லை. அவன் சொன்ன தண்ணீராவது இருந்திருந்தால் தான் கேட்ட ஏதோ ஒன்று அங்கே இருந்தது என்று ஆகும். ஆக, கடல் முழுக்கத் தன் மண்டைக்குள் ஓடியது. அந்த நல்ல வாக்கியம் ஒன்றுமில்லாததன் மேல் எழுதப்பட்டது. வருத்தம் வரும் என்று காத்திருந்தார், கடலைப் போலவே அதுவும் வரவில்லை. வந்தது வேறு ஒரு வியப்பு: ஒரு மனிதன் இல்லாத ஒலியை நான்கு நிமிடம் கேட்டு, அதற்கு ஆறு பக்கம் எழுதி, அதற்காக ஒரு சிநேகிதனையும் இழக்க முடியுமென்றால், அந்த மண்டை எப்பேர்ப்பட்ட வாத்தியம்! சரி. சொல்லிவிட வேண்டும். வாசலிலேயே, அவன் செருப்பைக் கழற்றும் முன்பே.

மூன்று ஐம்பத்தைந்துக்கு பிலோமினா கதவைத் திறந்த சத்தம். "வாங்கண்ணே." தணிகாசலம் இளைத்திருந்தான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், மணிக்கட்டுப் பொத்தான் வரை பூட்டி. அவனும் இதற்கென்று உடுத்திக்கொண்டு வந்திருக்கிறான் என்பது இருதயநாதனுக்கு என்னவோ செய்தது. "வாங்க," என்றார். அந்த 'வாங்க' இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. "ம். வந்தேன்," என்றான் தணிகாசலம். பெட்டியைப் பார்த்தான். கிழிந்த பட்டையைப் பார்த்தான். "எலியா?"

"நான்தான். கேட்டுட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மோட்டார்தான். நீ சொன்னது சரி. பேரிங் தேஞ்ச மோட்டார். கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பிலோமினா சுண்டல் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். தணிகாசலம் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. ஏதோ கையிலிருந்து நழுவியதுபோல ஒரு முகம். பத்தொன்பது வருடம் தயார் செய்து கொண்டுவந்த வாதங்களையெல்லாம் அவன் இப்போது எங்கே இறக்கி வைப்பான்? "இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா எப்படிடா?" என்றான், கிட்டத்தட்டக் கோபமாக. "நான் பஸ் புடிச்சி வந்திருக்கேன். போடு."

அகராதியைத் தூக்கி, தட்டைச் சரிபார்த்து, மறுபடி அகராதியை வைத்தார். பிடில், பந்து, அடக்கம். ரீங்காரம். தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தான், பழைய தணிகாசலம். "ஒன்றரை எச்.பி.," என்றான் மெதுவாக, பழைய ஆளைத் தெருவில் பார்த்ததுபோல. அப்புறம் அவன் புருவம் சுருங்கியது. கண்ணைத் திறந்தான். ஸ்பீக்கரைப் பார்த்தான், இருதயநாதனைப் பார்த்தான், மறுபடி ஸ்பீக்கரை. "நிறுத்து. பின்னால போ." போனார். "இப்ப கேளு."

"கேக்குறேன். மோட்டார்."

"அதுக்கு மேலடா!"

"மேல ஒண்ணும் இல்லியே."

"அண்ணி, நீங்க கேளுங்க."

பிலோமினா கிண்ணத்தை வைத்துவிட்டுக் குனிந்தாள். ஒரு கணம்தான். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அண்ணே, உங்க குரல்! மோட்டார்டாங்குறீங்க! அதுக்கு இவரு..." அவளுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

"வௌவால்," என்றார் இருதயநாதன். எழுந்து நின்றுவிட்டார். புத்தகத்தைப் பிரித்து அந்தப் பெருக்கல் குறியை அவனிடம் நீட்டினார்.  மூன்றாம் வரிசைக்கு மேல் இருந்த மைக். பேனா விழுந்தது, பிறகு மலையிலிருந்து விழுந்தது. இருமல். கதவு. விழுந்ததையெல்லாம் அந்த நீலச் சட்டைப் பெண் பிடித்து வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் வரைபடத்தைக் குடிநீர்க் குழாய் வரைபடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான், அந்தக் குறியிலிருந்து கிளம்பிய கம்பிக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டு மேடை வரை போனான். "சரிதான். நேரா அவங்க பெட்டிக்குப் போகுது," என்றான். "தண்ணி இல்லடா அது. நான்தான் தப்பா சொல்லிட்டேன். நான் மோட்டார்டான்னு சொல்றேன், நீ ஷ்ஷ்னு என் வாய மூடுற. அதை அப்படியே எடுத்து, திருப்பி, இழுத்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி... நாலு நிமிஷமும் அதான். நீதான்டா."

மாடிப்படியில் உருண்ட கோடு இருதயநாதனுக்கு ஞாபகம் வந்தது. வலது பக்கம், மேலே, கீச்சும் விசிலும் கிசுகிசுப்பும் ஷ்ஷும் குடியிருக்கும் மாடி, அதுதான் காலியாகிவிட்டது. தரைத்தளத்தில் மோட்டார் மட்டும் சௌகரியமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பது வருடம் முன்னால் இரண்டும் கேட்ட காது, தன் சத்தத்தையே கடல் என்று நினைத்தது. இப்போது அந்தச் சத்தம் இதோ இரண்டடி தூரத்தில் ஓடுகிறது, பிலோமினாவுக்குக் கேட்கிறது, தணிகாசலத்துக்குக் கேட்கிறது, ஏன், ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்குக்கூடக் கேட்கும். டாக்டரிடம் போகத்தான் வேண்டும். மெஷின் வைத்துக்கொண்டால் கேட்குமோ? எப்படிக் கேட்கும்? இதைப் பற்றி அவருக்கு இவ்வளவு ஆசை வரும் என்று அவரே நினைக்கவில்லை.

"இன்னொரு தரம் போடு," என்றான் தணிகாசலம். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். இருவரும் தோளோடு தோள், முன்போல, மூன்றாம் வரிசை. பிலோமினா சுண்டல் கிண்ணத்தை இருவர் மடிக்கும் நடுவில் வைத்தாள். ரீங்காரம் எழுந்தது. இருதயநாதன் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே புருவம் ஏறுகிறது, எங்கே உதடு விரிகிறது என்று, ஒரு வரியும் விடாமல் படிக்கிறவர்போல.

"எப்படிடா இருக்கேன்?" என்று கேட்டார்.

 தணிகாசலம் நான்கு நிமிடத்தையும் முழுசாகக் கேட்டான். "டுக்" என்றது. கைதட்டல் மங்கியது.

"கடல் மாதிரிதான் இருக்கே," என்றான். கொண்டைக்கடலை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "பின்னாடி மோட்டாரும் ஓடுது."